டிஸ்க் போட வழியில்லாத பெட்டி யாருக்கு மலிவு?

மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் கேம் கன்சோல் நடுத்தரக் குடும்பத்துக்குக் கிடைத்த வரம் என்று நண்பர் எழுதியிருக்கிறார். திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறார். சாலைக் கடைத்தெருவில் வியாபாரம் செய்பவர், கரமனையில் வாடகை வீட்டில் இருப்பவர், கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை பார்ப்பவர், எல்லோருக்கும் இந்த ஒரு பெட்டி போதும் என்கிறார். விலை குறைவு, மாதச் சந்தா கட்டினால் நூற்றுக்கணக்கான கேம்கள், டிஸ்க் என்பது காலாவதியான சங்கதி. இவ்வளவுதான் அவருடைய வாதம். பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள் என்று இஎம்ஐ போட்டு வாங்க நினைக்கும் பெற்றோர் இதை நம்பினால் ஏமாந்து போவார்கள். அதனால்தான் இந்த எதிர்வினை.

அவர் சொன்னதில் உண்மை இருக்கும் இடத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 2020 நவம்பர் 10 அன்று உலகம் முழுவதும் வெளியான அதே நாளில் இந்தியாவிலும் இந்தக் கன்சோல் வந்தது. பிளேஸ்டேஷன் 5 வர 2021 பிப்ரவரி 2 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று சீரிஸ் எஸ் 34,990 ரூபாய், அதன் அண்ணன் சீரிஸ் எக்ஸ் 49,990. பெட்டி சிறியது, சத்தமில்லை. கேம் ஓடும்போதும் நூறு வாட்டுக்குக் கீழேதான் மின்சாரம் இழுக்கிறது. மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில், இன்வெர்ட்டரை நம்பி வாழும் வீட்டில், இது சின்ன விஷயமல்ல. 4கே படம் வராது என்று இந்தப் பெட்டியைக் கேலி செய்பவர்களோடும் நான் சேரமாட்டேன். நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 32 அங்குலம், 43 அங்குலம் டிவி. சோபாவில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அந்த வித்தியாசம் உறைக்காது. எட்டு கோர் பிராசஸரும் எஸ்எஸ்டியும் இருப்பதால் பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன்னை விட எல்லாமே சுறுசுறுப்பாகத் திறக்கின்றன.

இதற்கு மேல் நண்பர் சொன்ன எதுவும் கணக்குக்கு நிற்காது.

சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் போட வழியே இல்லை. இதை அவர் ஒரு வரியில், அதுவும் பெருமையாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார். குடும்பத்தின் பணப்பையைப் பாதிக்கிற முதல் விஷயமே அதுதான். புதிய பெரிய கேம் ஒன்று நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய். டிஸ்க்காக வாங்கினால் ஆடி முடித்ததும் விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், அத்தை மகனுக்குக் கொடுக்கலாம். ஐயாயிரத்துக்கு வாங்கியதைப் பாதி விலைக்கு விற்றால்கூட 2,500 ரூபாய் கைக்குத் திரும்பி வரும். வெளியீட்டின்போது இதற்கும் டிஸ்க் போடக்கூடிய சீரிஸ் எக்ஸுக்கும் இடையே இருந்த விலை வித்தியாசம் 15,000 ரூபாய். ஆறு டிஸ்க்குகளை விற்றாலே அது ஈடாகிவிடும். பழைய டிஸ்க்கையே வாங்கிப் பழைய டிஸ்க்காகவே விற்பவருக்குச் செலவு இன்னும் குறைவு. சீரிஸ் எஸ் வாங்கியவருக்கு இந்தக் கதவு முதல் நாளே சாத்தப்பட்டுவிடுகிறது. அவருக்கு இருப்பது ஒரே கடை. அந்தக் கடைக்காரர் தள்ளுபடி கொடுக்கிற நாளில்தான் தள்ளுபடி. விற்கவோ இரவல் கொடுக்கவோ முடியாது.

‘ஹோம் எக்ஸ்பாக்ஸ்’ ஏற்பாட்டில் ஒருவர் வாங்கியதை இன்னொரு வீட்டிலும் ஆடலாமே என்று கேட்கலாம். அதற்கு உங்கள் கணக்கையே அவருடைய பெட்டியில் திறந்து வைக்க வேண்டும். அதுவும் ஒரே ஒரு பெட்டியில்தான். இன்றைய டிஸ்க்குகள் பலவற்றிலும் முழு கேம் இருப்பதில்லை, அப்டேட் இறக்கித்தானே ஆக வேண்டும் என்றும் கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஆடுகிற உரிமை அந்தத் தட்டோடு கைமாறுகிறது. நண்பர் பேசாமல் விட்டது அந்த உரிமையைத்தான்.

டிஸ்க் என்றாலே பீமாப்பள்ளி என்று அவர் எழுதியிருப்பதுதான் எனக்கு அதிகக் கோபத்தைத் தந்தது. அந்த வட்டாரக் கடைகளில் ஒரு காலத்தில் திருட்டு சிடிகள் தாராளமாகக் கிடைத்தன, போலீஸ் சோதனைகள் நடந்தன என்பது ஊருக்கே தெரியும். ஆனால் பணம் கொடுத்து வாங்கிய அசல் டிஸ்க்கை செகண்ட் ஹேண்டாக விற்பதும் திருட்டு நகல் எடுப்பதும் ஒன்றா? பழைய புத்தகக் கடைக்காரரை யாராவது திருடன் என்பார்களா? 1829இல் தொடங்கிய பொது நூலகம் பாளையத்தில் இன்றும் இயங்குகிற ஊர் இது. ஒரு பிரதி பல கைகளுக்குப் போவதால் என்ன நன்மை என்று திருவனந்தபுரத்துக்காரருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. வாங்க வசதியில்லாதவர் நேர்மையாக ஆடுவதற்கு இருக்கும் வழி செகண்ட் ஹேண்ட் சந்தை. அதைத் திருட்டோடு சேர்த்துக் கட்டியது நாணயமான வாதம் அல்ல.

விலை குறைந்த கன்சோல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு முன்மாதிரி ஏற்கெனவே இருக்கிறது. பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000இல் 299 டாலருக்கு வந்து, 2009இல் 99 டாலருக்கு இறங்கியது. இந்தியாவில் அதற்கென்றே ‘ஹனுமான்: பாய் வாரியர்’ போன்ற கேம்கள் 499 ரூபாய்க்கு டிஸ்க்காக வந்தன. சீரிஸ் எஸ் போன திசை நேர் எதிரானது. 2020இல் 299 டாலராக இருந்தது 2025 அக்டோபரில் 400 டாலராகிவிட்டது. வயதாக ஆக விலை ஏறுகிற பெட்டியை மலிவுப் பெட்டி என்று எப்படிக் கூசாமல் எழுத முடிகிறது?

அடுத்து இடம். 512 ஜிபி என்று அட்டையில் போட்டிருந்தாலும் கேம்களுக்குக் கிடைப்பது 364 ஜிபிதான். கால் ஆஃப் டூட்டி வரிசையில் ஒரு கேமே 200 ஜிபியைத் தாண்டியிருக்கிறது. அழித்துவிட்டு மறுபடி டவுன்லோடு செய்துகொள்ளலாம் என்பது நண்பரின் யோசனை. கேரள அரசின் கே-ஃபோன் 2023இல் தொடங்கியபோது அதன் குறைந்தபட்சத் திட்டம் மாதம் 299 ரூபாய்க்கு 20 எம்பிபிஎஸ். அந்த வேகம் கொஞ்சமும் குறையாமல் வந்தாலும் 100 ஜிபி இறங்கப் பதினொரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் வீட்டில் ஆன்லைன் வகுப்போ அலுவலக வேலையோ நடக்கக் கூடாது. தனி மெமரி கார்டு வாங்கிக்கொள்ளலாம் என்றால், அமெரிக்காவில் வெளியானபோது ஒரு டெராபைட் கார்டின் விலை 220 டாலர். பெட்டியின் விலையில் முக்கால் பங்குக்கு அருகில்!

ரேம் மெமரியிலும் வெட்டியிருக்கிறார்கள். சீரிஸ் எக்ஸில் 16 ஜிபி, இதில் 10. அதனால் என்ன நடந்தது என்பதற்கு பால்டர்ஸ் கேட் 3 என்ற கேம் சாட்சி. ஒரே டிவியில் திரையைப் பிரித்து இருவர் ஆடும் வசதியைச் சீரிஸ் எஸ்ஸில் ஓட வைக்க அதை உருவாக்கிய லேரியன் நிறுவனத்தால் முடியவில்லை. இரண்டு பெட்டிகளிலும் ஒரே வசதிகள் இருக்க வேண்டும் என்ற மைக்ரோசாஃப்ட்டின் விதியால் எக்ஸ்பாக்ஸ் பதிப்பே தள்ளிப்போனது. 2023 ஆகஸ்டில் கணினிக்கும் செப்டம்பரில் பிளேஸ்டேஷனுக்கும் வந்த கேம், எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பரில்தான் வந்தது. சீரிஸ் எஸ்ஸில் மட்டும் திரைப் பிரிப்பு இல்லாமல் வந்தது. அந்த வசதி அதற்குக் கிடைத்தபோது 2025 ஏப்ரல் ஆகிவிட்டது. யாருக்கு இது இழப்பு என்று யோசியுங்கள். ஒரே டிவி, ஒரே பெட்டி, இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு. ஆளுக்கொரு கன்சோல் வாங்க முடிந்தவருக்குத் திரையைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. நண்பர் யாருக்காகப் பரிந்து பேசுகிறாரோ, அவர்களிடமிருந்து பறிபோன வசதி இது. அவர் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

கடைசியில் அவருடைய பிரம்மாஸ்திரம், கேம் பாஸ் என்ற அந்த மாதச் சந்தா. இந்தியாவில் அல்டிமேட் சந்தா 2025 அக்டோபரில் 829 ரூபாயிலிருந்து 1,389 ஆனது. அந்த விலையில் புதிதாகச் சேர்ந்தவர் ஆண்டுக்குக் கட்ட வேண்டியிருந்தது 16,668 ரூபாய். மூன்று ஆண்டில் 50,004 ரூபாய். 2020இல் சீரிஸ் எக்ஸின் விலையும் ஏறத்தாழ அதேதான். கட்டுவதை நிறுத்திய மாதம் அலமாரியில் ஒன்றுமே மிஞ்சாது. குறைந்த விலைச் சந்தாக்களும் இருக்கின்றன. ஆனால் மைக்ரோசாஃப்ட்டின் புதிய கேம்கள் வெளியாகும் நாளிலேயே வேண்டும் என்றால் அல்டிமேட்தான். எது எந்த மாதம் பட்டியலிலிருந்து போகும் என்பதும் நம் கையில் இல்லை. சந்தா வேண்டாம், டிஜிட்டலாக வாங்கியே ஆடுகிறேன் என்பவருக்கும் நிரந்தரம் கிடையாது. எக்ஸ்பாக்ஸ் 360இன் கடை 2024 ஜூலை 29இல் மூடப்பட்டது. அந்தப் பெட்டியில் இனி புதிதாக எதையும் அங்கே வாங்க முடியாது. பழைய டிஸ்க் கிடைத்தால் இன்றும் போட்டு ஆடலாம்.

இந்தப் பெட்டி பொருந்துகிறவர்களும் இருக்கிறார்கள். டெக்னோபார்க்கில் வேலை, தனி அறை, வரம்பில்லாத ஃபைபர் இணைப்பு, லீவுக்கு நாகர்கோவிலோ திருநெல்வேலியோ போகும்போது பையில் போட்டுக் கொண்டுபோக ஒரு சின்னக் கன்சோல். அவர் தாராளமாக வாங்கட்டும். மாதச் சந்தா அவருக்குப் பாரமாகாது. சாலைக் கடைத்தெருக் குடும்பத்துக்கும் இதுவே நல்லது என்று எழுதியதுதான் தவறு. கையில் காசு குறைந்தவருக்குத்தான் விற்கவும் மாற்றவும் இரவல் வாங்கவும் வழி வேண்டும். அந்த வழியை அடைத்துத்தான் இதன் விலையைக் குறைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்காகக் கன்சோல் வாங்கப் போகும் பெற்றோரே, அட்டையில் இருக்கிற விலையை மட்டும் பார்க்காதீர்கள். மூன்று வருடச் சந்தாவையும் கேம்களையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். பட்ஜெட் பத்தவில்லை என்றால், டிஸ்க் போடுகிற பெட்டி ஒன்றை, முந்தைய தலைமுறைப் பழைய பெட்டியானாலும் பரவாயில்லை, ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.