சட்டப் பரீட்சையும் தமிழ் மாணவர்களும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில், ஸ்ரீரங்கம் தாலுகாவைச் சேர்ந்த நவலூர் குட்டப்பட்டு கிராமத்தில், தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் நடைபெற்று வருகிறது. 2012-ஆம் வருஷத்தில் நமது சட்டசபை இயற்றிய ஒரு சட்டத்தினால் பிறந்து, 2013-ஆம் வருஷத்தில் வகுப்புகளைத் தொடங்கிய ஸ்தாபனம் அது. தமிழ்நாட்டு ஜனங்களின் வரிப்பணத்தைக் கொண்டு எழுந்தது. காவிரிக்குத் தென்கரையில் இப்படியொரு சட்டசாலை அமைந்தது குறித்துத் திருச்சி ஜில்லாவாசிகள் பெருமை கொள்வது இயல்பே. ஆனால், அந்தச் சர்வகலாசாலையின் வாயிலுக்குள், அதே தாலுகாவின் சர்க்கார் பள்ளியில் தமிழில் படித்த ஒரு பிள்ளை எந்த வழியாக நுழைவது என்பதே நாம் இன்று நேயர்கள் முன் வைக்கும் கேள்வி.

அந்த வாயிலுக்கு ஒரு காவல் உண்டு. அதன் பெயர் 'கிளாட்' என்னும் பொதுப் பிரவேசப் பரீட்சை. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஐந்து வருஷப் படிப்பில் சேர விரும்புவோர் அதை எழுதியாக வேண்டும். இந்தப் பரீட்சை தோன்றிய வரலாற்றைச் சொல்லும்போது நியாயம் தவறக் கூடாது. ஒரு காலத்தில் ஒவ்வொரு தேசிய சட்டசாலையும் தனக்கெனத் தனிப் பரீட்சை நடத்திற்று. மாணவர்கள் ஊர் ஊராக ரயிலேறிச் சென்று, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பணம் கட்டி எழுத வேண்டியிருந்தது. அந்தத் தொல்லை சுப்ரீம் கோர்ட் வரையில் சென்ற பிறகே, 2008-ஆம் வருஷத்தில் ஏழு சட்டசாலைகள் ஒன்று சேர்ந்து முதல் பொதுப் பரீட்சையை நடத்தின. இன்று அந்த ஏழு இருபதுக்கு மேல் பெருகிவிட்டது. பொதுப் பரீட்சை என்ற ஏற்பாட்டை நாம் குறை கூறவில்லை. அது யாருக்குப் பொது என்பதைத்தான் கேட்கிறோம்.

பரீட்சையின் அமைப்பைப் பாருங்கள். 2024-ஆம் வருஷப் பிரவேசத்திற்காக நடந்த பரீட்சையிலிருந்து கேள்விகள் 120, நேரம் 120 நிமிஷம். கேள்விக்கு ஒரு நிமிஷம் என்று எண்ணிவிட வேண்டாம். கேள்விகளுக்கு முன்னால் நீண்ட பந்திகள் நிற்கின்றன. ஒரு பந்தி 450 சொற்கள் வரையில் நீளும். அதை வாசித்துப் பொருள் கொள்ளும் நேரமும் அந்த 120 நிமிஷத்திற்குள் அடக்கம். தவறான விடைக்குக் கால் மார்க் பறிபோகும். இங்கிலீஷ், நடப்புச் செய்தி, சட்ட நியாயம், தர்க்கம், கணக்கு என ஐந்து பிரிவுகள் உள்ளன. ஐந்தும் இங்கிலீஷிலேயே உள்ளன. சட்ட நியாயப் பிரிவுக்கு முன்கூட்டியே சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு விதியைக் கொடுத்து, ஒரு சம்பவத்தைக் கூறி, அந்த விதி இதற்குப் பொருந்துமா என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். கிராமத்து வழக்குகளைக் காது கொடுத்துக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்தப் புத்தி குறைவாக இருக்கும் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால், அந்தப் புத்தியைக் காட்டுவதற்கு முன் அப்பிள்ளை வேற்றுப் பாஷையில் ஓட்டப்பந்தயம் ஓட வேண்டியிருக்கிறது. பரீட்சிக்கப்படுவது நியாய புத்தியா, இங்கிலீஷ் வாசிப்பின் வேகமா என்பது சந்தேகத்திற்கு இடமாகிறது.

பணமும் ஒரு தடை. பொதுப் பிரிவினருக்கு விண்ணப்பக் கட்டணம் 4,000 ரூபாய் என்றும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர் ஆகியோருக்கு 3,500 ரூபாய் என்றும் அண்மை வருஷங்களில் வசூலிக்கப்பட்டு வந்திருக்கிறது. ஏழைக்குச் செய்த சலுகை 500 ரூபாய்! தினக்கூலி பெறும் குடும்பத்தில் இந்தத் தொகைக்கு என்ன அர்த்தம் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. தனிப் பயிற்சிக்கூடங்கள் கேட்கும் பணம் இதற்கு மேற்பட்டது. தவிர, இப்பொழுது பரீட்சை டிசம்பர் மாதத்திலேயே வந்துவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையோ மார்ச்சில் வருகிறது. பிளஸ் டூ மார்க்கு வந்த பிறகு மேற்படிப்பைப் பற்றி யோசிக்கும் வழக்கமுள்ள வீடுகளுக்கு, யோசிக்கத் தொடங்கும்போதே இந்தக் கதவு மூடிப் பல மாதங்கள் ஆகியிருக்கின்றன. தகவல் தெரியாமலே தோற்றுப் போகிறவர்கள், எழுதித் தோற்றவர்களைவிட அதிகமாக இருப்பார்கள் என்பது நமது அபிப்பிராயம்.

பரீட்சையைத் தமிழில் நடத்த முடியாதா? வைத்தியப் படிப்புக்கான 'நீட்' பரீட்சையைத் தமிழ் உள்பட 13 பாஷைகளில் எழுதலாம். அதைப் பற்றி நமக்குள்ள மற்ற ஆட்சேபங்கள் வேறு விஷயம். உடற்கூறு நூல்களும் மருந்து நூல்களும் இங்கிலீஷில் இருக்கின்றன என்பதற்காகப் பிரவேசப் பரீட்சையில் தமிழை விலக்கவில்லை. இதைவிட விசித்திரமான ஒன்றையும் கேளுங்கள். சட்டம் படித்து முடித்தவர்கள் தொழில் நடத்துவதற்காக எழுத வேண்டிய அகில இந்திய பார் பரீட்சை 2011-ஆம் வருஷத்தில் தொடங்கியபோதே, தமிழில் எழுதவும் இடம் அளித்தது. வக்கீலாகி வெளியே வரும் வாயிலில் தமிழுக்கு ஆசனம் உண்டு; வக்கீலாவதற்கு உள்ளே போகும் வாயிலில் தமிழ் நிற்கவும் கூடாதாம். இந்த முறைக்கு என்ன நியாயம் கற்பிப்பது? பிராந்திய பாஷைகளிலும் கிளாட் பரீட்சையை நடத்த வேண்டுமென்று 2023-ஆம் வருஷத்தில் தில்லி ஹைகோர்ட்டில் பொதுநல வழக்கு ஒன்று தொடுக்கப்பட்டது. ஆகவே இது தமிழர் மட்டும் எழுப்பும் கூக்குரல் அல்ல.

'ஹைகோர்ட்டிலும் சுப்ரீம் கோர்ட்டிலும் இங்கிலீஷ்தானே நடக்கிறது? இங்கிலீஷ் தெரியாதவன் அங்கே போய் என்ன செய்வான்?' என்று கேட்கும் கனவான்கள் உண்டு. அரசியல் சட்டத்தின் 348-ஆவது ஷரத்து அப்படித்தான் வைத்திருக்கிறது. சென்னை ஹைகோர்ட்டில் தமிழுக்கு இடம் வேண்டுமென 2006-ஆம் வருஷத்தில் நமது சட்டசபை தீர்மானம் செய்ததும், 2012-இல் சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் கூடி அதை ஏற்பதற்கில்லை என்று முடிவு செய்ததும் நேயர்கள் அறிந்தவையே. ஆனால், பெருவாரியான வழக்குகள் பிறந்து வளர்ந்து முடிவது கீழ்க்கோர்ட்டுகளில். 1956-ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டமும், 1976-இல் அதற்குச் செய்த திருத்தமும் அங்கே தமிழுக்கு உரிய ஸ்தானத்தை அளித்திருக்கின்றன. கட்சிக்காரன் பேசுவது தமிழ், சாட்சி சொல்வது தமிழ், பத்திரங்கள் எழுதப்பட்டிருப்பது தமிழ். இவற்றை நன்றாக அறிந்தவனுக்கு இங்கிலீஷ் கற்றுக் கொடுப்பதற்கு ஐந்து வருஷம் கையில் இருக்கிறது. ஐந்து வருஷத்தில் கற்பிக்க வேண்டியதை முதல் நாளிலேயே முழுதும் கொண்டு வா என்று கேட்கும் கலாசாலை, தன் கடமையில் பாதியைப் பெற்றோரின் பணப்பையின் மேல் ஏற்றிவிடுகிறது.

திருச்சிராப்பள்ளிக்கு இவ்விஷயத்தில் ஒரு விசேஷ உரிமை உண்டு. இந்த ஜில்லாவின் குளத்தூரில் 1826-ஆம் வருஷத்தில் பிறந்து, திருச்சி நீதிஸ்தலத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, பிறகு மாயூரத்தில் முன்சீப்பாக விளங்கிய வேதநாயகம் பிள்ளையைத் தமிழுலகம் முதல் தமிழ் நாவலாசிரியர் என்று கொண்டாடுகிறது. அவர் செய்த மற்றொரு காரியத்தை நாம் மறந்துவிட்டோம். இங்கிலீஷிலிருந்த சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தொகுத்து, 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் தமிழில் வெளியிட்டார் அவர். சட்டத்தைத் தமிழில் சொல்ல முடியும் என்பது நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பே இந்த மண்ணைச் சேர்ந்தவர் ஒருவர் செய்து காட்டிய சங்கதி. அதே பாஷையில் 120 கேள்விகள் தயாரிப்பது இன்றைய பண்டிதர்களுக்கு அசாத்தியம் என்றால் நம்புவதற்கில்லை.

தூத்துக்குடிச் சிங்கம் வ. உ. சிதம்பரம் பிள்ளை சட்டம் படிக்க வந்ததும் இதே திருச்சிதான். 1894-ஆம் வருஷத்தில் வக்கீல் பரீட்சையில் தேறி, மறு வருஷம் ஒட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கினார். அந்தப் பரீட்சை அன்னிய சர்க்கார் வைத்தது. அந்தச் சட்டம் அன்னியன் செய்தது. ஆயினும் அவர் அதைப் படித்தார், தேறினார், ஏழைகளுக்காக வாதாடினார். பின்னர் 1906-இல் அன்னியக் கப்பலுக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். பரீட்சை அநீதியானது, ஆகையால் அதை எழுத வேண்டாம் என்று நம் இளைஞர்களுக்கு உபதேசிப்பவர்கள் இந்தச் சரித்திரத்தைச் சற்று நினைக்க வேண்டும். பிரவேசப் பரீட்சைகளைத் தமிழ்நாடு விரும்பவில்லை. மாகாணத்தின் பொது நுழைவுத் தேர்வை ஒழிக்க 2006-ஆம் வருஷத்திலேயே சட்டம் செய்த ராஜ்யம் நம்முடையது. மற்றச் சர்க்கார் சட்டக் கல்லூரிகளில் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்குகளைக் கொண்டே இடம் தரப்படுகிறது. அந்தக் கொள்கையை நாம் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் கொள்கைக்காக நாம் விலகி நிற்கும் ஒவ்வொரு வருஷமும், நவலூர் குட்டப்பட்டின் ஆசனங்கள் காலியாக இருப்பதில்லை. பட்டணத்து இங்கிலீஷ் பள்ளிகளின் பிள்ளைகள் அவற்றில் அமர்கிறார்கள். அவர்கள் மேல் நமக்குக் கோபமில்லை. நாளை வக்கீல் மேடையிலும் நீதிபதி ஆசனத்திலும் ஒரே வகுப்பினர் நிறைந்திருப்பது தேசத்திற்கு நல்லதல்ல என்பதே நமது கவலை.

ஆகவே செய்ய வேண்டியவை இரு வகை. முதலாவது, சர்க்காரும் சர்வகலாசாலையும் செய்ய வேண்டியவை. பரீட்சையை நடத்தும் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பில் நமது சர்வகலாசாலையும் ஓர் அங்கம். இங்கிலீஷ்ப் பிரிவு ஒன்றை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற நான்கு பிரிவுகளையும் தமிழிலும் மற்ற இந்திய பாஷைகளிலும் அச்சிட வேண்டுமென்று அந்தச் சபையில் அது வற்புறுத்த வேண்டும். ஏழை மாணவர்களின் விண்ணப்பக் கட்டணத்தைத் தமிழ்நாட்டு சர்க்கார் ஏற்க வேண்டும். 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும் அரசு மாதிரிப் பள்ளிகளும் நல்ல தொடக்கங்கள். அவற்றின் பயன் பொறுக்கி எடுத்த சில பிள்ளைகளோடு நின்றுவிடாமல், பதினோராம் வகுப்பிலேயே ஒவ்வொரு சர்க்கார் பள்ளியின் அறிவிப்புப் பலகைக்கும் வந்து சேர வேண்டும்.

இரண்டாவது, நாம் செய்ய வேண்டியவை. இவற்றுக்கு எந்தச் சர்க்காரின் உத்தரவும் தேவையில்லை. ஷாம்நாத் பஷீர் என்ற சட்டப் பேராசிரியர் 2010-ஆம் வருஷத்தில் 'ஐடியா' என்ற இயக்கத்தைத் தோற்றுவித்தார். ஏழைப் பிள்ளைகளைக் கண்டெடுத்து, இந்தப் பரீட்சைக்குப் பழக்கி, சட்டசாலைகளில் சேர்த்துவிடுவதே அதன் வேலை. சட்ட மாணவர்களே அதில் தொண்டர்கள். 2019-இல் அவர் காலமான பிறகும் வேலை நிற்கவில்லை. ஒரு மனிதர் தொடங்கி வைத்ததைத் திருச்சி வக்கீல்கள் சங்கத்தின் நூற்றுக்கணக்கான அங்கத்தினர் தம் ஊரில் செய்யலாகாதா? வாரத்தில் இரண்டு மாலை, ஸ்ரீரங்கத்தில் ஒரு வகுப்பு, உறையூரில் ஒரு வகுப்பு, மணப்பாறையில் ஒரு வகுப்பு. இதற்கு வேண்டியது ஒரு கூடமும் நாலு பெஞ்சும்தான். தேர்தல் காலத்தில் வீதி வீதியாக அலையும் நமது கட்சித் தொண்டர்களுக்கு, பள்ளிப் பிள்ளைகளை அந்த வகுப்புக்கு அழைத்து வருவது பெரிய சிரமமாகாது.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பரீட்சைக்கு வேண்டிய பொருள் எந்தப் பயிற்சிக்கூடத்தின் இரும்புப் பெட்டியிலும் பூட்டப்படவில்லை. பெரும்பகுதி தினசரிப் பத்திரிகையில் இருக்கிறது. பதினோராம் வகுப்பிலிருந்தே தினம் ஓர் இங்கிலீஷ்த் தலையங்கத்தைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாசியுங்கள். எழுதியவர் எதை நிலைநாட்ட விரும்புகிறார், அதற்கு என்ன ஆதாரம் காட்டுகிறார் என்று தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். அர்த்தம் தெரியாத சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சட்ட நியாயக் கேள்வியில் உங்கள் மனத்துக்குச் சரியெனப் பட்டதை விட்டு, கொடுத்த விதி என்ன சொல்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். கணக்குப் பிரிவுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். பழைய கேள்வித்தாள்களை ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். முதல் மாதம் அறுபது கேள்விகளைக்கூடத் தாண்ட முடியாமல் போகலாம். அதற்காக மனம் தளர வேண்டாம். வேகம் பழக்கத்தினால் வருவது. வயது உச்சவரம்பும் இல்லாததால், ஒரு வருஷம் தவறினால் வாழ்க்கையே தவறிவிட்டது என்று எண்ணவும் வேண்டாம்.

சட்டம் ஒரு சாராருடைய சொத்தாக இருக்கும் வரையில் சுதந்திரம் பூர்த்தியாவதில்லை. நமது பணத்தில் எழுந்த சட்டசாலை, நமது பிள்ளைகள் வெளியில் நின்று பார்த்துச் செல்லும் மாளிகையாக இருக்கலாகாது. கதவை அகலமாக்கும்படி கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரையில், இருக்கிற கதவின் வழியாக எத்தனை பேரை உள்ளே அனுப்ப முடியுமோ அத்தனை பேரையும் அனுப்புவோம். அடுத்த டிசம்பருக்கு இன்றே வேலையைத் தொடங்க வேண்டும்.