மனம் கொடியில் இருக்கட்டும்



ஏப்ரல் பிறந்துவிட்டால் கோல்ஃப் பிரியர்களின் பேச்செல்லாம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள அகஸ்டாவைச் சுற்றியே இருக்கும். மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் மாதம் இது. அதையொட்டி இந்த இதழில் கோல்ஃபுக்குக் கூடுதலாகச் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். மட்டையைக் கையால் தொட்டே இராதவர்களும் அவற்றைப் படித்து ரசிக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

என் பக்கத்துக்கு விஷயம் தந்தவர் கோவை வாசகர் ஒருவர். பணி ஓய்வுக்குப் பிறகு கோல்ஃப் பழகத் தொடங்கியவர். பயிற்சித் திடலில் பந்து சொன்னபடி கேட்கிறதாம். நண்பர்களோடு ஆடப் போய், ஆட்டம் தொடங்கும் இடமான முதல் டீயில் நின்றதும் எல்லாம் கலைந்துவிடுகிறதாம். இடது கை மடங்காமல் இருக்கிறதா, தலை ஆடாமல் இருக்கிறதா, முதலில் திரும்ப வேண்டியது இடுப்பா தோளா என்று மனதுக்குள் ஒரு வகுப்பே நடக்கிறது, பந்து எங்கே போக வேண்டும் என்பதுதான் கடைசியில் ஞாபகம் வருகிறது என்று எழுதியிருக்கிறார். ஸ்விங்கை, அதாவது மட்டை வீச்சை, இன்னும் நன்றாகப் படிக்க வேண்டுமா என்பது அவர் கேள்வி.

ஐயா, நீங்கள் ஏற்கெனவே நிறையப் படித்துவிட்டீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உச்சிக்குப் போன மட்டை கீழிறங்கிப் பந்தைத் தொட ஆகும் நேரம் சுமார் கால் நொடி. மட்டையும் பந்தும் ஒட்டியிருப்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. அந்தக் கால் நொடிக்குள் 'மணிக்கட்டு இப்போது அவிழ வேண்டும்' என்று மனம் நினைத்து, அது கைக்குப் போய்ச் சேர்ந்து, கை அதன்படி நடப்பது ஆகிற காரியமில்லை. செய்தி போய்ச் சேரும்போது பந்து கிளம்பியிருக்கும். நடுவில் நுழைந்த நினைப்பு, தானாக ஓடிக்கொண்டிருந்த ஒரு அசைவைத் தடுக்கி விடுகிறது, அவ்வளவுதான். கேரம் பலகையில் ரெட்டைக் குறிவைக்கும் பையன் தன் விரல் மூட்டு எத்தனை மடங்கியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. அவன் கண் காயிலும் பாக்கெட்டிலும் இருக்கிறது. விரல் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது.

இதை வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொடுத்த ஒரு மனிதரை இந்த ஏப்ரலில் நினைத்துக்கொள்வது பொருத்தம். டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரில் கோல்ஃப் கற்றுக்கொடுத்த ஹார்வி பெனிக். பல பத்தாண்டுகள் தான் கண்டதையெல்லாம் ஒரு சிவப்பு நோட்டில் எழுதி, அதை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தார். 1992-ல் அது புத்தகமாக வந்தபோது அவருக்கு வயது 80-ஐத் தாண்டியிருந்தது. விளையாட்டுப் புத்தகங்களில் அவ்வளவு விற்றவை குறைவு. எந்த அடிக்கும் முன்னால் இலக்கை உயிராக எண்ணிக் குறிவை என்பதுதான் அதில் மாணவர்களுக்கு அவர் வைத்த தலையாய பாடம்.

பென் கிரென்ஷா சின்னப் பையனாக அவரிடம் வந்த நாளைப் பற்றி ஒரு கதை உண்டு. பெனிக் ஒரு மட்டையை அவன் உயரத்துக்கு வெட்டிக் கொடுத்து, பிடிப்பைக் காட்டி, 75 கெஜம் தள்ளி, குழியைச் சுற்றியிருந்த புல்தரையான கிரீனில் பந்தைப் போடச் சொன்னார். போட்டான். சரி, வா, போய் அதைக் குழிக்குள் தள்ளுவோம் என்றார் அவர். குழிக்குள் போட வேண்டுமென்றால் அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டானாம் பையன்! எனக்கு இந்தக் கதையில் பிடித்தது பையனின் துடுக்கு மட்டுமில்லை. தன் தோள் எப்படித் திரும்பியது, கால் எப்படி நின்றது என்பதெல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. எங்கே போட வேண்டும் என்று கேட்கிறான். இடத்தைச் சொன்னால் போதும், மற்றதை உடம்பு பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அந்த வயதில் யாரும் சொல்லாமலே இருக்கிறது. அதைக் கெடுத்துவிடக் கூடாது என்பதில் பெனிக் மிகுந்த அக்கறை காட்டினார். அவரிடம் படித்த இன்னொரு பெரிய ஆட்டக்காரர் டாம் கைட், 1992 யுஎஸ் ஓபன் சாம்பியன். ஒருவருக்குப் பாடம் நடக்கும்போது மற்றவர் பக்கத்தில் நின்று பார்க்க பெனிக் விடமாட்டார். ஒருவருக்கான மருந்தை இன்னொருவர் விழுங்கிவிடக் கூடாதே!

அந்தப் பையன் கிரென்ஷா 1984-ல் மாஸ்டர்ஸ் வென்றார். அங்கே அடுத்த வெற்றிக்கு 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு வயது 43, ஆட்டமும் சரியில்லை. மார்ச் மாதத்தில் ஆஸ்டினில் பெனிக்கைப் பார்க்கப் போகிறார். 90 வயது ஆசிரியர் படுத்த படுக்கை. அந்த நிலையிலும் பந்தைக் குழிக்கு உருட்டும் பட்டர் மட்டை ஒன்றை எடுத்துவரச் சொல்லி, கட்டில் பக்கத்திலேயே மாணவனை நிற்க வைத்து வீச்சைப் பார்த்தார். ஒத்திகையாக இரண்டு நல்ல வீச்சு, பிறகு உன்னை நீ நம்பு, மட்டையின் தலை கையை முந்திப் போக விடாதே என்றார். அதுதான் கடைசிப் பாடம். ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை பெனிக் காலமானார். புதன்கிழமை கிரென்ஷாவும் கைட்டும் அகஸ்டாவிலிருந்து ஆஸ்டினுக்குப் பறந்து போய், ஆசிரியரின் பெட்டியைத் தோள் கொடுத்துச் சுமந்துவிட்டுத் திரும்பினார்கள். மறுநாள் போட்டி தொடங்கியது. ஏப்ரல் 9 அன்று, டேவிஸ் லவ்வை ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் முந்தி, 14 அண்டர் பாரில், அதாவது நிர்ணய எண்ணிக்கையைவிட 14 அடி குறைவாக ஆடி, கிரென்ஷா வென்றார். கடைசிப் பந்து குழிக்குள் விழுந்ததும் அப்படியே குனிந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மட்டைப் பையைச் சுமக்கும் கேடி கார்ல் ஜாக்ஸன் வந்து அணைத்துக்கொண்டார். விதிப்படி பையில் 14 மட்டைகள்தான் இருக்கலாம். தன் பையில் 15-வதாக ஒன்று இருந்தது, அது ஹார்வி என்றார் கிரென்ஷா.

இந்தக் கதையைக் கண்ணீர்க் கதையாகச் சொல்வதே வழக்கம். நான் கவனிக்கச் சொல்வது அந்த வாரத்தின் ஒரு சின்ன விஷயத்தை. போட்டிக்கு முந்தைய பயிற்சியில், 1976 முதல் கூடவே வந்த கார்ல் ஜாக்ஸன் இரண்டு திருத்தம் சொன்னார். பந்தைச் சற்றே வலது காலை நோக்கித் தள்ளி வை, தோளைக் கொஞ்சம் இறுக்கமாகத் திருப்பு. சில பந்துகளிலேயே அடி சீராகிவிட்டது. இரண்டுமே சுத்தமான ஸ்விங் இலக்கணம். பெனிக் படுக்கையில் சொன்னதிலும் ஒரு சொட்டு இலக்கணம் இருக்கத்தான் செய்கிறது. ஆக, ஸ்விங்கைப் படிப்பது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. பென் ஹோகன் 1957-ல் எழுதிய ஐந்து பாடங்களைப் படித்துத் தேறியவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். ஆனால் கிரென்ஷாவுக்கு யார் சொன்னார்கள், எத்தனை சொன்னார்கள், எப்போது சொன்னார்கள் என்று பாருங்கள். அவரை ஆண்டுக்கணக்கில் அறிந்தவர்கள் சொன்னார்கள். ஒன்றோ இரண்டோ சொன்னார்கள். பயிற்சியின்போது சொன்னார்கள். வியாழன் முதல் ஞாயிறு வரை ஆடியது வேறு மனம்.

ஆராய்ச்சியும் கவனத்தை உடம்புக்கு வெளியே வைப்பதன் பக்கம்தான் நிற்கிறது. கேப்ரியேல் வுல்ஃப் என்ற ஜெர்மன் ஆய்வாளர் பாய்மரப் பலகையில் அலைச்சறுக்குப் பழகும்போது, தன் காலை நினைப்பதைவிடப் பலகையின் சாய்வை நினைத்தால் திருப்பம் எளிதாக வருவதைக் கண்டார். அதைத் தன் துறையின் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். 1999-ல் அவரும் சகாக்களும் கோல்ஃப் ஆடியே இராதவர்களுக்குச் சிறிய அடிகளைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழுவிடம் கைகளின் வீச்சைக் கவனிக்கச் சொன்னார்கள், இன்னொன்றிடம் மட்டையின் வீச்சை. இரண்டாவது குழுதான் இலக்குக்கு அருகில் அடித்தது. பிறகு எந்தக் குறிப்பும் தராமல் சோதித்தபோதும் அவர்களே முன்னால் இருந்தார்கள். 2009-ல் வேல்ஸின் பாங்கர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெல், ஹார்டி இருவரும் தேர்ந்த ஆட்டக்காரர்களிடம் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பார்த்தார்கள். கையை நினைத்தவர்களைவிட மட்டையின் முகத்தை நினைத்தவர்கள் மேல். அவர்களைவிடப் பந்து பறக்கும் பாதையை நினைத்தவர்கள் மேல். பதற்றம் கூடிய நிலையிலும் இந்த வரிசை மாறவில்லை. உங்கள் முதல் டீக்கு ஆகிற செய்தி இதுதான் ஐயா.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். மனம் இலக்கில் இருப்பது வேறு, கண் இலக்கில் இருப்பது வேறு. கால்கரி பல்கலைக்கழகத்தின் ஜோன் விக்கர்ஸ் பட்டிங்கில் ஆட்டக்காரர்களின் பார்வையை அளந்து பார்த்தார். கெட்டிக்காரர்கள் அடிக்கும் முன் பந்தின் மேல் ஓரிடத்தில் இரண்டு மூன்று நொடி அசையாமல் பார்வையை நிறுத்துகிறார்கள். மற்றவர்களின் கண் அங்குமிங்கும் அலைகிறது. ஜோர்டன் ஸ்பீத் மாஸ்டர்ஸ், யுஎஸ் ஓபன் இரண்டையும் வென்ற 2015-ல் குறைந்த தூரப் பட்களைக் குழியைப் பார்த்தபடியே அடித்தார் என்பதும் உண்மை. அது அவருக்கு வாய்த்த வழி. உங்களுக்கும் எனக்கும் கண் பந்தில், மனம் குழியில் என்பதே போதும்.

இலக்கை மட்டுமே நினைத்து வளர்ந்த ஸ்பெயின் நாட்டு செவே பாயஸ்டெரோஸைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பெத்ரேன்யா கடற்கரை மணலில், ஒரே ஒரு பழைய 3-ஆம் எண் இரும்பு மட்டையோடு வளர்ந்த பையன். வேறு மட்டை கிடையாது. அதனால் உயரமாக, தாழ்வாக, வளைத்து, சுருக்கி என எல்லா அடியையும் அந்த ஒன்றிலேயே வரவழைத்தான். எந்த இடம் என்று தெரியும், வழியைக் கை கண்டுபிடித்தது. 1979 பிரிட்டிஷ் ஓபனின் கடைசி நாளில் 16-ஆம் குழியில் பந்து கார்கள் நிறுத்தியிருந்த இடத்துக்குப் போய்விட, அங்கிருந்து பேர்டி (நிர்ணயத்தைவிட ஓரடி குறைவு) எடுத்துப் பட்டத்தையும் வென்றபோது வயது 22. பிற்காலத்தில் முதுகு வலி படுத்தியது. பந்தும் கோணலாகப் போகத் தொடங்க, ஸ்விங்கைத் திருத்திக்கொள்ள ஆசிரியர் மாற்றி ஆசிரியர் தேடினார். 1995 ஸ்பானிஷ் ஓபனுக்குப் பிறகு ஐரோப்பிய டூரில் அவருக்கு வெற்றி வரவில்லை. காரணத்தை ஒன்றில் மட்டும் ஏற்றிவிட முடியாது. ஆனாலும், அத்தனை அழகாக ஆடிய ஒருவர் பயிற்சித் திடலில் நின்று தன் முழங்கையைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்த காலத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு வலிக்கிறது.

சரி, கோவை வாசகர் என்ன செய்யலாம்? பியா நில்சன், லின் மேரியட் என்ற இரண்டு பயிற்சியாளர்களின் முறை எனக்கு மிகவும் பிடித்தது. 2001-ல் பெண்களில் முதல்முறையாக ஒரே சுற்றை 59 அடியில் முடித்த அன்னிகா சோரன்ஸ்டாம் அவர்கள் பள்ளியில் வந்தவர். பந்துக்குப் பின்னால் தரையில் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் யோசிக்கிற இடம். காற்று, தூரம், எந்த மட்டை, எல்லாக் கணக்கும் இங்கேயே முடிய வேண்டும். கோட்டைத் தாண்டிப் பந்திடம் போனால் கணக்கு கிடையாது, அடி மட்டும்தான். சந்தேகம் வந்துவிட்டதா, அடிக்காமல் பின்னால் வந்துவிடுங்கள்.

யோசிக்கிற இடத்தில் நிற்கும்போது இலக்கைச் சின்னதாக்குங்கள். 'ஃபேர்வே நடுவில்' என்பது இலக்கே இல்லை. தூரத்து மரம் ஒன்று, அதில் இடதுபக்கக் கிளை ஒன்று என்று இறங்கி வாருங்கள். ஜாக் நிக்லஸ் இன்னொன்றும் செய்வார். பந்துக்கும் இலக்குக்கும் நடுவே ஒரு நேர்க்கோடு பிடித்து, பந்துக்குச் சில அடி முன்னால் அந்தக் கோட்டில் கிடக்கும் இலையையோ காய்ந்த புல்லையோ குறித்துக்கொள்வார். 200 கெஜம் தள்ளியிருக்கும் குழியின் கொடிக்கு நேராக நிற்பதைவிடக் காலடியில் கிடக்கும் ஒரு இலைக்கு நேராக நிற்பது சுலபம்.

திடல் பயிற்சியில் ஒரு மாற்றம் செய்யுங்கள். முதல் பாதியில் உங்கள் ஆசிரியர் சொன்னதில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு பழகுங்கள். மறு பாதியில் அதைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு பந்துக்கும் மட்டையை மாற்றி, இலக்கையும் மாற்றி அடியுங்கள். ஒரே மட்டையில் ஒரே திசையில் அடித்துக்கொண்டே இருப்பதால்தான் திடலில் வந்தது மைதானத்தில் வராமல் போகிறது. அங்கே இரண்டாவது வாய்ப்பும் கிடையாது, அதே தூரம் மறுபடி வருவதும் அபூர்வம்.

ஒரு மாதம் இப்படி ஆடிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள் ஐயா. ஸ்கோர் அட்டையின் எண்களைவிட, முதல் டீயில் நிற்கும்போது மனதுக்குள் நடக்கும் அந்த வகுப்பு என்னவாயிற்று என்பதை அறியத்தான் ஆவலாக இருக்கிறேன். உங்கள் சம்மதம் இருந்தால் மே இதழில் வெளியிடுகிறோம். மற்ற வாசகர்களும், டென்னிஸோ வில்வித்தையோ கிரிக்கெட்டோ எது ஆடுபவராக இருந்தாலும், இதுபோல் தட்டுத்தடுமாறிய அனுபவம் இருந்தால் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்