104ஆம் ஆண்டில் எழுதப்பட்ட கடிதம்

கிணறு திருத்தக் காசு கேட்டு ஒரு கடிதம். கிணறு திருத்தி முடிந்தது, உதவிக்கு நன்றி என்று இன்னொரு கடிதம். இரண்டிலும் ஒரே திகதி: 2004 மார்ச் 12. ஒரே நாளில கிணறு இறைச்சு, கட்டுக் கட்டி, கணக்கும் காட்டி முடிச்ச ஊர் உலகத்திலேயே எங்கட ஊராத்தான் இருக்கும் எண்டு முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. முதலாவது கடிதத்தின் திகதியை என் ஆய்வுக் கட்டுரையின் அடிக்குறிப்பில் நான் ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தேன்.

நான் வரலாறு படிக்கிறேன். கடைசி வருட ஆய்வுக்கு எங்கட ஊர்ச் சனசமூக நிலையத்தின் கதையை எடுத்திருக்கிறேன். நிலையத்தின் பழைய கூட்டறிக்கைக் கொப்பிகள் பாதி கறையானுக்குப் போய்விட்டன. மிஞ்சியது ஒரு பழைய கொம்பியூட்டர். அதுவும் உயிரில்லாமல் அலுமாரிக்கு மேல் கிடந்தது. கணினி படிக்கிற என் நண்பன் ஒருவன் அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, முழுவதையும் ஒரே ஃபைலாகப் பிரதி எடுத்து, என் லப்டொப்பில் ஓட வைத்துத் தந்தான். விண்டோஸ் 98, பாமினி எழுத்துரு, வேர்ட் 97, அதுக்குள்ள நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்கள். எனக்குப் புதையல்தான்.

ஓட வைத்தது கியூஎமு என்ற எமுலேற்றர். 2003இல் ஃபப்ரிஸ் பெலார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் வெளியிட்டது, இலவசம். எமுலேற்றர் என்றால் இல்லாத இயந்திரத்தை இருக்கிற மாதிரிக் காட்டுகிற மென்பொருள். உள்ளே இருக்கிற விண்டோஸ் 98, தான் ஒரு பழைய கொம்பியூட்டரில் ஓடுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கும். புரொசெசர், நெற்வேர்க் காட், மணிக்கூடு எல்லாமே மென்பொருள் எழுதிக் கொடுத்த வேஷம்.

அந்த வேஷத்தைக் கலைத்துப் பார்க்கவும் கியூஎமு வழி வைத்திருக்கிறது. கொன்ட்ரோல், ஓல்ட், 2 மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் விண்டோஸ் மறைந்து ஒரு கறுப்புத் திரை வரும். அதை மொனிற்றர் என்கிறார்கள். எங்கட மேசையில் இருக்கிற மொனிற்றர் இல்லை. இயந்திரத்தை வெளியில் நின்று மேற்பார்க்கிற இடம். கியூஎமு தான் உண்டாக்கிய ஒவ்வொரு பாகத்தையும் ஒரு பொருளாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் பெயருள்ள பண்புகள் உண்டு. எல்லாப் பொருள்களும் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் மாதிரி ஒரு மரமாக அடுக்கியிருக்கும். 'கியூஓஎம்-லிஸ்ட்' என்று கேட்டால் ஒரு பொருளுக்குள் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் தரும். 'கியூஓஎம்-கெட்' ஒரு பண்பின் இப்போதைய பெறுமதியைச் சொல்லும். 'கியூஓஎம்-செட்' அந்தப் பெறுமதியை மாற்றும். கேட்பது, வாசிப்பது, மாற்றுவது. அவ்வளவுதான்.

கிணற்றுப் பிரச்சினையை நண்பனிடம் சொன்னபோது அவன் இதைத்தான் அடித்துக் காட்டினான். 'மெஷின்' என்ற பொருளிடம் 'ஆர்ரிசி-ரைம்' என்ற பண்பைக் கேட்டான். அது அந்த இயந்திரத்தின் மணிக்கூடு. பதில் வந்தது: வருடம் 104, மாதம் 2, நாள் 12. நான் முழிக்க, அவன் விளக்கினான். வருடத்தை 1900இலிருந்து எண்ணுவார்கள், மாதத்தைப் பூச்சியத்திலிருந்து எண்ணுவார்கள். 1900உடன் 104ஐக் கூட்டினால் 2004. பூச்சியம் ஜனவரி என்றால் 2 மார்ச். ஆக 2004 மார்ச் 12.

"அது நான் குடுத்த திகதி மச்சான்," என்றான். டிஸ்க்கில் இருந்த ஏதோ ஒரு பழைய கணக்கு மென்பொருள் இன்றைய திகதியோடு ஓட மாட்டேன் என்று அடம்பிடித்ததாம். அதனால் ஒவ்வொரு முறையும் அந்த நாளிலிருந்தே தொடங்கும்படி இயந்திரத்தை அமைத்துவிட்டான். எனக்குச் சொல்ல மறந்துவிட்டான். சொல்லியிருந்தாலும் எனக்கு அதன் பாரம் விளங்கியிருக்காது.

மிச்சம் வேர்ட்டின் வேலை. கடிதத்தில் திகதி போடும்போது 'தானாகப் புதுப்பி' என்ற பெட்டியில் சரி போட்டால், வேர்ட் அங்கே எழுதுவது திகதியை இல்லை. 'இன்றைய திகதியைக் காட்டு' என்ற கட்டளையை. கடிதத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது மணிக்கூட்டைப் பார்த்து அன்றைய திகதியைக் காட்டும். அந்தக் காலத்துச் செயலாளர் அண்ணை எல்லாக் கடிதத்திலும் அப்படித்தான் செய்திருக்கிறார். நான் ஊரின் வரலாறு என்று அடிக்குறிப்பில் எழுதியது, என் நண்பன் ஒரு பின்னேரம் யோசிக்காமல் அடித்த எண்.

இதில் ஆரையும் குற்றம் சொல்ல வரவில்லை. என் கருத்து ஒன்றுதான்: எமுலேற்றருக்குள் ஓடுகிற இயந்திரத்தின் பண்புகளை வாசிக்கக் கலைப்பீடத்துப் பிள்ளைகள் நாங்கள் கட்டாயம் பழக வேண்டும்.

"அது ஐ.ரி. பெடியளின்ர வேலை, எங்களுக்கு ஒரு பிடிஎஃப் தந்தால் போதும்" என்பதுதான் என் வகுப்பில் எல்லாரும் சொல்கிற பதில். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தக் கடிதங்கள் எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அத்தனையிலும் 2004 மார்ச் 12 என்று நிரந்தரமாக ஒட்டியிருக்கும். இன்னும் இருபது வருடத்தில் என்னைப் போல ஒருவர் வந்து, அன்றைக்கு ஊரில் என்ன பெரிய விசேஷம், நூற்றுக்கு மேற்பட்ட கடிதம் எழுதியிருக்கிறார்களே என்று ஆய்வு செய்வார். கேட்பதற்கு மொனிற்றர் இருக்காது.

மாற்றுகிற கட்டளையை முதலில் பார்த்தபோது எனக்குப் பயமாகவும் இருந்தது. கியூஎமுவில் ரிஎம்பி105 என்ற வெப்பநிலை உணரியின் போலி ஒன்று இருக்கிறது. அதன் 'ரெம்பரேச்சர்' பண்பு, செல்சியஸ் பாகையின் ஆயிரத்தில் ஒன்றை அலகாகக் கொண்டது. அதை 25000 என்று மாற்றினால் உள்ளே இருக்கிற மென்பொருளுக்கு அறை 25 பாகை. 100000 என்று மாற்றினால் அடுத்த கணமே தண்ணி கொதிக்கிற சூடு. எங்கேயும் ஒன்றும் சூடாகவில்லை. ஆனால் அந்த உணரியைத் தவிர வேறு சாட்சி இல்லாத மென்பொருளுக்கு அது பொய் என்று தெரிய வழியே இல்லை.

இது கெட்ட எண்ணத்தில் செய்து வைத்ததில்லை. சேர்வர் சூடாகும்போது தன் விசிறியை வேகமாகச் சுற்றுகிறதா என்று பார்க்க, உண்மையான பலகையை நெருப்பில் காட்ட முடியாது. அதனால் எண்ணை மாற்றிப் பரிசோதிக்கிறார்கள். அதே உணரி 128 பாகையும் அதற்கு மேலும் கொடுத்தால், அளவுக்கு வெளியே என்று மறுத்துவிடும். பொய்க்கும் ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்ததும் இந்த மறுப்புத்தான். நான் ஆர்வக்கோளாறில் மணிக்கூட்டின் திகதியையும் 'செட்' பண்ணப் பார்த்தேன். விடவில்லை. அந்தப் பண்பை வாசிக்கலாம், அந்த வழியால் எழுத முடியாது. திகதி மாற வேண்டுமென்றால் இயந்திரத்தைத் தொடங்கும்போதே சொல்ல வேண்டும், இல்லையென்றால் உள்ளே விண்டோஸில் மாற்ற வேண்டும். நெற்வேர்க் காட்டின் முகவரியும் அப்படித்தான். சாதனம் ஒருமுறை உருவாகி இயங்கத் தொடங்கிவிட்டால், 'இது ஏற்கெனவே உருவாகிவிட்டது, இனி மாற்ற ஏலாது' என்ற கருத்தில் பிழைச்செய்தி வரும். எதைப் பார்க்கலாம், எதை மாற்றலாம், எந்த நேரம் வரை மாற்றலாம் என்று கேட்டால் சொல்கிற ஒரு இயந்திரம். எங்கட கம்பஸ் அலுவலகங்களில் இப்படி ஒரு 'லிஸ்ட்' கட்டளை இருந்தால் எவ்வளவு நல்லாயிருக்கும் எண்டு யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பாடத்தில் முதலாம் வருடமே மூலாதாரத்தைச் சந்தேகிக்கச் சொல்லித் தந்தார்கள். ஆர் எழுதினது, எப்ப எழுதினது, ஆற்ற கையால வந்தது? ஏட்டுச் சுவடிக்கும் கல்வெட்டுக்கும் அந்தக் கேள்விகளைக் கேட்கிறோம். திரையில் தெரிகிற வேர்ட் ஃபைலைக் கண்டவுடன் வாயை மூடிக்கொள்கிறோம். பிரதி எடுத்தவரின் கை ஏட்டில் மட்டுமில்லை, எமுலேற்றரின் பண்புகளிலும் இருக்கிறது.

இப்போது நான் செய்வது மூன்று விடயம். டிஸ்க் பிரதியைத் திறக்கும்போது 'ஸ்னாப்ஷொட்' முறையில் திறக்கிறேன்; உள்ளே என்ன மாறினாலும் மூலப் பிரதியில் படியாது. வேலை தொடங்க முதல் மணிக்கூட்டுப் பண்பை வாசித்து, இயந்திரத்தை எந்தக் கட்டளையால் தொடங்கினேன் என்பதோடு சேர்த்துக் கொப்பியில் எழுதுகிறேன். கடிதத்தின் முகத்தில் இருக்கிற திகதியை நம்பாமல், வேர்ட்டின் 'புரொப்பர்ட்டீஸ்' பகுதியில் அது உருவாக்கப்பட்ட திகதியையும் பார்க்கிறேன்.

கிணற்றுக்குக் காசு கேட்ட கடிதம் உருவானது 2002இல் என்று அங்கே இருக்கிறது. நன்றிக் கடிதம் அடுத்த வருடம். அதையும் முழுதாக நம்ப முடியாது. அந்தப் பழைய கொம்பியூட்டரின் மணிக்கூட்டு பற்றரி அப்போது உயிரோடு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. சில ஃபைல்களில் 1980 ஜனவரி 1 என்று இருக்கிறது. விண்டோஸ் 98 ஃபைல்களுக்கு எழுதுகிற திகதி தொடங்குவதே அந்த நாளில்தான். பற்றரி செத்த கொம்பியூட்டர்கள் அங்கேதான் போய் நிற்கும். ஆக உண்மையான இயந்திரமும் பொய் சொல்லியிருக்கிறது. ஆனால் அதன் மணிக்கூட்டைத் திறந்து கேட்க இனி வழியில்லை. என் லப்டொப்பில் ஓடுகிற போலியிடம் கேட்கலாம்.

அடிக்குறிப்பைத் திருத்திவிட்டேன். '2002 ஆக இருக்கலாம்' என்று போட்டு, திகதி எப்படித் தெரிந்தது என்பதை இரண்டு வரியில் எழுதினேன். மேற்பார்வையாளர் வாசித்துவிட்டு, இவ்வளவு நீளமான அடிக்குறிப்புத் தேவையா என்று கேட்டார். தேவை சேர்.