கோணியும் கொக்கியும்

இருபது வருஷங்களாகப் பிறர் வீட்டுப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வந்தவர் நாம். நம்முடைய வேலையிலேயே பிறர் வட்டம் போடும்படியான காலம் இப்போது வந்திருக்கிறது. நாற்பத்தாறாவது வயதில் ஒரு கைவேலையின் அரிச்சுவடியைத் தொடங்கியிருக்கிறோம். பழந்துணியை நாடாவாக வெட்டி, கோணியில் கொக்கியால் இழுத்து விரிப்புச் செய்யும் வேலை அது. நேயர்கள் சிரிக்கலாம், நம் வீட்டில் ஏற்கெனவே சிரித்தாகிவிட்டது.

நம் தாயார் காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. மயிலாப்பூர் வீட்டில் அவருடைய டிரங்குப் பெட்டியில் இருந்த பட்டுப் புடவைகளைப் பெண்களும் மருமகள்களும் தயக்கமின்றிப் பங்கிட்டுக் கொண்டார்கள். எஞ்சியவை பதினொரு நூல் புடவைகள். துவைத்துத் துவைத்து இழை தெரியும் அந்தச் சுங்குடிகளை யாரும் கேட்கவில்லை. நம் ஊரில் பழம் புடவைக்கு வாய்க்கும் கதி மூன்றே: தூளி, கரித்துணி, அல்லது எவர்சில்வர் பாத்திரம். தூளியில் ஆடும் பிராயத்தில் வீட்டில் குழந்தை இல்லை. பாத்திரக்காரியின் குரல் தெருவில் கேட்டபோது இரண்டு தடவை பெட்டியைத் திறந்தோம். இரண்டு தடவையும் மூடிவிட்டோம். ஆறு புடவைக்கு ஒரு வடிதட்டு என்று அவள் சொன்னது நியாயமான விலையாகவே இருக்கலாம்.

இந்த நிலையில்தான் அடையாற்றில் ஒரு சினேகிதர் வீட்டுக்குப் போயிருந்தோம். கானடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து வந்திருந்த அவருடைய தமக்கையார், தாம் செய்த விரிப்பு ஒன்றைக் காட்டினார். பழைய கம்பளிச் சட்டைகளால் ஆனது. பார்ப்பதற்குப் பூம்பாத்திபோல் இருந்தது. அரைமணி நேரத்தில் வித்தையையும் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

கோணியை ஒரு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டவேண்டும். அரை அங்குல அகலத்தில் வெட்டிய துணி நாடாவை இடது கையால் கோணிக்கு அடியில் பிடித்துக்கொண்டு, வலது கைக் கொக்கியை மேலிருந்து கண்ணிக்குள் இறக்கி, நாடாவைப் பற்றி, கால் அங்குல உயரத்துக்கு வளையமாக மேலே இழுக்கவேண்டும். பிறகு அடுத்த கண்ணி. முடிச்சு இல்லை, தையல் இல்லை. வளையங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பதாலேயே கழலாமல் நிற்கின்றன. மாலை வேளையில் தி. நகர் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமலே நாம் விழாமல் நிற்கிறோமே, அந்தத் தத்துவந்தான்.

இரவிக்கைகளில் ஆரி வேலை செய்யும் சகோதரிகள், "இது எங்களுக்குத் தெரியாததா?" என்று கேட்பார்கள். வாஸ்தவமே. குஜராத்தில் தோல் வேலை செய்துவந்த மோச்சிகளிடம் வளர்ந்த அந்தக் கலையிலும் கொக்கி மேலிருந்து இறங்கி, அடியிலுள்ள நூலைப் பற்றி மேலே வருகிறது. ஆனால் ஆரியில் ஒவ்வொரு வளையமும் முந்தியதைப் பிடித்துக்கொண்டு சங்கிலியாகிறது. இதில் ஒவ்வொன்றும் தனித்து நிற்கிறது. ஆரி ஊசி துணி நாடாவுக்குப் பொடிசு. ஆகவே பாண்டி பஜாரில் தடித்த குரோஷா ஊசி ஒன்று கேட்டோம். "வீட்டிலே அம்மாவுக்கா, ஸார்?" என்றான் கடைப் பையன். "இல்லை, நமக்குத்தான்" என்றோம். அவன் ஊசியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பதற்குள் நம்மை இருமுறை ஏற இறங்கப் பார்த்தான்.

கோணி கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அரிசியெல்லாம் பிளாஸ்டிக் சாக்கில் வந்து இறங்குகிறது. கடைசியில் கச்சேரி சாலையில் ஒரு மளிகைக்காரர் பரணிலிருந்து அசல் சணல் சாக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மூன்று தடவை அலசிய பிறகும் அதில் துவரம்பருப்பு வாசனை போகவில்லை.

இந்தச் சாக்கிலே ஒரு சரித்திரம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூ இங்கிலாந்திலும் கானடாவின் கிழக்குக் கரையிலும், கம்பளம் வாங்க வசதியற்ற வீட்டுப் பெண்கள் வளர்த்த கலை இது. சணல் சாக்குகள் மலிவாக வந்து இறங்கிய பிறகே அது வீட்டுக்கு வீடு பரவிற்று. அந்தச் சணல் எங்கே விளைந்தது? வங்காளத்து வயல்களில்! அங்கிருந்து ஸ்காட்லாந்தின் டண்டி ஆலைகளுக்குக் கப்பலேறிற்று. 1855-ல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவிலும் ஓர் ஆலை தோன்றியது. ஆங்கிலேயர் 'கன்னி பேக்' என்று சொல்வதும் நம் நாட்டுக் கோணியின் பெயரைத்தான். பெருமை கொண்டாட வேண்டியதுதான். ஆனால் மிச்சமான சாக்கையும் கந்தலையும் வைத்துக்கொண்டு தோட்டம் போட்ட கெட்டிக்காரத்தனம் அந்தப் பெண்களுடையது.

அமெரிக்காவில் மேய்ன் மாகாணத்துப் பிடிஃபோர்டில் எட்வர்ட் சாண்ட்ஸ் ஃப்ராஸ்ட் என்று ஒருவர் இருந்தார். ஊர் ஊராகத் தகரச் சாமான் விற்றவர். மனைவி பட்ட சிரமத்தைப் பார்த்து நல்ல கொக்கி ஒன்று செய்து கொடுத்து, சாக்கில் சித்திரமும் வரைந்து கொடுத்தார். அண்டை வீட்டார் நமக்கும் வேண்டும் என்று வரவே, 1868 வாக்கில் தகட்டில் அச்சு வெட்டி, சாக்குகளில் சித்திரம் பதித்து விற்கலானார். அந்நாட்டுத் தகர வியாபாரிகள் கந்தலை வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுப்பதும் உண்டு. நம் பாத்திரக்காரி கேட்டால் சந்தோஷப்படுவாள்.

நாம் எடுத்துக்கொண்ட சித்திரம் ஒரு மாங்காய். முதல் நாள் அது கத்தரிக்காயாக வந்தது. வளையங்கள் ஒன்று உயரம், ஒன்று குள்ளம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வரிசைபோல. பிரித்தோம், ஒரே இழுப்பில் எல்லாம் கழன்று வந்தது. தவறு செய்தால் அடித்தல் திருத்தல் தெரியாமல் மறுபடி எழுதலாம் என்கிற சலுகையை நம் மாணவர்களுக்கு நாம் ஒருநாளும் கொடுத்ததில்லை. இரவு பதினொரு மணிக்கு, 'இன்னும் ஒரு வரிசை' என்று உட்கார்ந்திருந்தோம். பரீட்சைத் தாள்கள் மேஜைமேல் காத்திருந்தன.

கத்தரிக்கோல் வைப்பதுதான் கஷ்டமாயிருந்தது. பச்சைச் சுங்குடியின் உடலை வெட்டினோம். முந்தானையை வெட்டவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்த முந்தானையில்தான் முகம் துடைப்பது வழக்கம்.

நான்காம் நாள் சித்தி வந்தார். சட்டத்தைப் பார்த்தார். "அக்கா புடவையையாடா காலிலே போட்டு மிதிக்கப் போறே?" என்றார்.

நமக்கு வாய் அடைத்துப் போயிற்று. இத்தனை நாளும் அந்த எண்ணமே தோன்றவில்லை. சட்டத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தோம். ஒரு வாரம் தொடவில்லை.

எட்டாம் நாள் காலையில் தகப்பனார் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர், "அது எங்கே?" என்று கேட்டார். கொண்டுவந்தோம். சட்டத்திலிருந்து கழற்றச் சொன்னார். முடியாத அந்த இரண்டு சாண் துண்டைச் சாய்வு நாற்காலியின் அடியில் தாமே விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதங்களையும் அதன்மேல் வைத்துக்கொண்டார். பிறகு மறுபடி பத்திரிகைக்குள் போய்விட்டார்.

சாயங்காலம் வந்த சித்தி அதைப் பார்த்தார். நாம் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். சித்தி வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "இந்தப் பச்சை, மதுரையிலே வாங்கினதுதானே?" என்றார்.

"இல்லை, தி. நகர்" என்றார் தகப்பனார், பத்திரிகையை இறக்காமல்.

"மதுரைதான், அத்திம்பேர். நானும் கூட வந்தேன்."

"நீ வந்தது நீலத்துக்கு."

விளக்கேற்றும் வரையில் அந்த வழக்குத் தீரவில்லை. நீலப் புடவை இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. நாளைக்கு எடுக்கவேண்டும்.