சும்மா குடுத்தது யாருக்கு?

2022 ஜூலையில், வீட்டிலிருந்தே வேலை என்பதால் வடக்கனந்தலில் இருந்தேன். டீக்கடை டிவியில் கொழும்பு ஜனாதிபதி மாளிகை. நீச்சல் குளத்தில் ஜனங்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த பெரியப்பா சொன்னார்: "எல்லாத்தையும் சும்மா குடுத்தா இப்படித்தான் ஆவும்." கடையே தலையாட்டியது. நானும் ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கான பிராயச்சித்தம்தான் இந்தக் கட்டுரை.

சும்மா கொடுத்தது உண்மைதான். ஆனால் யாருக்கு? கோட்டாபய 2019 நவம்பரில் பதவிக்கு வந்த கையோடு மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. ஆண்டுக்கு 30 லட்சம் ரூபாய் வரை சம்பாதிப்பவருக்கு வருமான வரியே இல்லை என்றானது. லட்சக்கணக்கானோர் வரிப் பட்டியலிலிருந்தே காணாமல் போனார்கள். ரேஷன் அரிசிக்கு நிற்கிற கிழவியா இதைக் கேட்டாள்?

அடுத்து கொரோனா வந்து சுற்றுலா வருமானத்தைத் துடைத்துப் போட்டது. அது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் 2021-ல் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் தடை செய்தது குற்றம். டெஸ்ட் பண்ணாத கோடை வெள்ளிக்கிழமை சாயங்காலம் ப்ரொடக்‌ஷனில் ஏற்றுகிறவனை நாங்கள் டீமை விட்டே தூக்கிவிடுவோம். விளைச்சல் சரிந்து, அரிசியை டாலர் கொடுத்து வாங்கும்படி ஆனது. டாலரோ ஏற்கெனவே இல்லை. ஒரு டாலர் 200 ரூபாய்தான் என்று 2022 மார்ச் வரை பிடிவாதமாகக் கட்டிவைத்திருந்தார்கள். வெளியே அதற்கு மேல் கிடைத்தது. வளைகுடாவில் உழைத்தவர்களின் பணம் வங்கியை விட்டு உண்டியல் வழிக்குப் போனது.

இங்கேதான் எண்ணெய் வருகிறது. இலங்கை ஒரு சொட்டுக் கச்சா எண்ணெய்கூட எடுப்பதில்லை. பஸ், மீன்பிடிப் படகு, வயலுக்கு நீர் இறைக்கும் பம்ப், மின்சாரத்தில் கணிசமான பங்கு, எல்லாம் கப்பலில் வரும் எண்ணெயை நம்பித்தான். சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு ஆலை கச்சா எண்ணெய் வாங்க டாலர் இல்லாமல் 2021 நவம்பரிலேயே மூடப்பட்டது. மணி அடித்தாகிவிட்டது. ஆனாலும் 2022 ஜனவரியில் 50 கோடி டாலர் பத்திரக் கடனைக் கட்டினார்கள், கௌரவத்துக்காக. மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு. ஏப்ரல் 12-ல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவிப்பு. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகள் தவிர யாருக்கும் எரிபொருள் கிடையாது. வரிசையில் நின்றே சிலர் செத்துப்போனார்கள். அப்புறம் வாரத்துக்கு இத்தனை லிட்டர் என்று க்யூஆர் கோட் வந்தது. என் தொழில்காரர்கள் செய்த நல்ல வேலை அது. வரிசை குறைந்தது. ஆனால் எந்த ஆப்பும் டாலரை டவுன்லோட் செய்து தராது.

"சொந்தமா எண்ணெய் இருந்திருந்தா தப்பிச்சிருப்பாங்க" என்பவர்களுக்கு வெனிசுவேலா. உலகிலேயே அதிக எண்ணெய் இருப்பு கொண்ட நாடு. ஏற்றுமதி வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எண்ணெயிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. 2002-03 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அரசு எண்ணெய் நிறுவனத்திலிருந்து சுமார் 18,000 பேரை சாவேஸ் வீட்டுக்கு அனுப்பினார். கிணறு இருந்தது, கிணற்றைத் தெரிந்தவன் போய்விட்டான். விலை சரிந்தபோது நாடும் சரிந்தது. 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள்.

ஒரு நாட்டில் எண்ணெய் இல்லை, இன்னொன்றில் எண்ணெய் தவிர எதுவுமில்லை. இரண்டிலும் தலைவனிடம் "வேண்டாம்" என்று சொல்ல வேண்டியவர்கள் வாய்மூடி இருந்தார்கள், அல்லது மூடவைக்கப்பட்டார்கள். இலங்கை உச்ச நீதிமன்றம் ராஜபக்ச சகோதரர்களைப் பொறுப்பாளிகள் என்று சொன்னது 2023 நவம்பரில். டேங்க் காலியாகி ஒன்றரை வருஷம் கழித்து.

நமக்கென்ன என்கிறீர்களா? தமிழ்நாடு தனி நாடில்லை, அப்படித் திவாலாகாது. ஆனால் 2023-24-ல் டாஸ்மாக் வருவாய் 45,000 கோடிக்கு மேல். 2024 ஜூனில், எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில், கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அது டாஸ்மாக் சரக்கில்லை. ஆனால் பாட்டிலை நம்பிக் கஜானா நடத்தும் அரசு, பாக்கெட் சாராயத்தை எந்த வாயால் கேட்கும்? எஸ்.பி. சஸ்பெண்ட், கலெக்டர் மாற்றம் எல்லாம் பிணங்கள் விழுந்தபிறகு.

பெரியப்பா இன்னும் அதே கடைக்கு வருகிறார். அடுத்த தடவை அந்த வாக்கியத்தைச் சொன்னால் தலையாட்ட மாட்டேன். "யாருக்குக் குடுத்தாங்க, பெரியப்பா?" என்று கேட்கப்போகிறேன்.