பொதுச்சாலையில் ஒரு பந்தயம்
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய இரு நாட்களில் ஃபார்முலா 4 கார்ப் பந்தயம் நடந்தது. அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று மக்கள் அன்றாடம் நடமாடும் சாலைகளே மூன்றரைக் கிலோமீட்டர் பந்தயப் பாதையாயின. 2023 டிசம்பரில் நடக்க வேண்டியதை மிக்ஜாம் புயல் தள்ளி வைத்தது. பக்கத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறதே, நோயாளிகள் என்ன செய்வார்கள் என்று உயர் நீதிமன்றம் வரை வழக்கும் போயிற்று. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தளம் இருக்கும்போது மக்கள் சாலையை மறிப்பானேன் என்று பலர் கேட்டனர். நியாயமான கேள்விதான். ஆனால் நான் அந்தக் கட்சியில் இல்லை.

சாலையை மறிப்பது திருவண்ணாமலைக்காரனுக்குப் புதிதா, நண்பர்களே? கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மாட வீதிகளில் தேரைத் தவிர வேறு வண்டி ஏது? எவரும் முணுமுணுப்பதில்லை. ஏனெனில் வடம் நம் கையில் இருக்கிறது. அம்மன் தேரைப் பெண்களே இழுக்கிறார்கள். சீட்டு வாங்கி வா என்று எவரையும் யாரும் சொல்வதில்லை.

1903 ஜூலை 2-ஆம் நாள் அயர்லாந்தில் கார்டன் பென்னட் கோப்பைப் பந்தயம் நடந்தது. அந்நாளில் மணிக்கு 14 மைலுக்கு மேல் கார் ஓட்ட அங்குச் சட்டம் இடந்தரவில்லை. ஆகவே பந்தயத்திற்கென்றே நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிற்று. சில வாரங்களுக்கு முன்புதான் பாரிஸ் - மாட்ரிட் பந்தயத்தில் மார்செல் ரெனோவும் வேடிக்கை பார்த்தவர்கள் சிலரும் மாண்டு, பந்தயம் போர்தோவிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. அந்த அச்சத்தால் அயர்லாந்தில் வழிநெடுகக் காவல் போட்டனர். உயிர்ச்சேதமின்றி முடிந்தது. மெர்சிடிஸ் காரில் வென்ற பெல்ஜியத்துக் கமீல் ஜெனாட்சியின் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 79 கிலோமீட்டர். (நம்மூர் விரைவுப் பேருந்து ஓட்டுநர்கள் சிரிப்பார்கள்!) அங்கே ஓடியவற்றுள் நேப்பியர் என்றொரு காரும் உண்டு. நம் பாலத்து நேப்பியர் வேறு. அவர் சென்னை ஆளுநராயிருந்தவர்.

வேகம் 50 கிலோமீட்டரிலிருந்து 200 ஆனால் இயக்க ஆற்றல் நான்கு மடங்கல்ல, பதினாறு மடங்கு. ஆகவே சென்னையில் தடுப்புச் சுவர் எழுப்பியதைக் குறை சொல்ல மாட்டேன். அது இயற்பியல் கேட்கும் சுவர். சீட்டு வாங்க வழியில்லாதவன் கண்ணுக்கு எதுவுமே எட்டாதபடி செய்வதை எந்த இயற்பியல் கேட்கிறது? சாலை அவனுடையது, அரசுப் பணமும் அவனுடையது. மெரினாவில் நாலு பெரிய திரை கட்டி இலவசமாகக் காட்டியிருந்தால் என்ன குறைந்துவிடும்?

இன்னொன்று. பந்தயத்திற்காகச் சாலைகளைப் புதிதாய்ப் போட்டார்கள். கார் அடித்தளம் தரையை ஒட்டியே ஓடுவதால் சிறு மேடு பள்ளமும் ஆகாது. அப்படியொரு சாலை நம்மவர் கையால் ஆகும் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. என் ஊரிலிருந்து கல்லூரிக்கு வரும் நகரப் பேருந்து மழைக்காலத்தில் ஏரிக்கரை வளைவில் தவழ்கிறது. எங்கள் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரிப் படியேறியவன் நான். முதல் வகுப்பு மணி அடித்த பின்பே பல நாள் படியேறுகிறேன். பந்தயச் சாலைக்கு இட்ட அளவுகோலை ஊர்ச்சாலைக்கும் இடலாகாதா? பந்தயத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அந்தத் தாரின் கணக்கையும் மேற்பார்வையையும் இங்கேயும் அனுப்பச் சொல்கிறேன்.

இன்னொரு முறை சென்னைத் தெருவில் பந்தயம் நடக்குமானால், அரசு கல்லூரி மாணவர்களைக் கார்கள் பழுது பார்க்கும் கொட்டகைக்குள் ஒரு மணி நேரமாவது விட வேண்டும். பாடநூலில் படமாய் மட்டும் பார்த்த என்ஜினைத் தொட்டுப் பார்க்க எங்கள் வகுப்பில் ஆள் நிறைய உண்டு. முதல் பேருந்துக்கே வந்து நிற்போம்.