கேள்வி கேட்பது அவிசுவாசமா?

தை மாதம் மணலூர்பேட்டையில் தென்பெண்ணைக் கரையில் ஆற்றுத் திருவிழா நடக்கும். அங்கே ஒரு சட்டி வாங்கினால்கூட தட்டிப் பார்க்காமல் யாரும் காசு கொடுக்க மாட்டார்கள். ஆனால் 'கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார்' என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், தட்டிப் பார்ப்பதே பாவமாகிவிடுகிறது!

படிக்காத ஜனங்கள்தான் இப்படி ஏமாறுவார்கள் என்கிறீர்களா? சென்னை-மயிலைப் பேராயராக இருந்த அருளப்பா நல்ல தமிழறிஞர், சமஸ்கிருதமும் அறிந்தவர். புனித தோமாவும் திருவள்ளுவரும் சந்தித்திருக்க வேண்டும் என்று அவர் நம்பினார். 1970களில் 'ஆச்சார்யா பால்' என்று சொல்லிக்கொண்ட ஒருவர் அதற்கு ஓலைச்சுவடி ஆதாரம் தேடித் தருவதாக வந்தார். வந்தவை வெறும் போட்டோக்கள். அசல் சுவடி வரவே இல்லை. ஆராய்ச்சிக்கு என்று 13 லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுக்கப்பட்டது. பழுப்புக் காகிதத்தை ஓலை மாதிரி வெட்டி, எழுதி, போட்டோ எடுத்திருந்தது போலீஸ் விசாரணையில் தெரிந்தது. 1986-ல் சென்னை மாஜிஸ்திரேட் கோர்ட் அவருக்கு 10 மாத சிறைத் தண்டனை விதித்தது. பிறகு உயர் நீதிமன்றத்தில் வழக்கு சமரசமாக முடிந்தது.

பேராயருக்கு அறிவு குறைவா? இல்லவே இல்லை. அவர் கேட்க ஆசைப்பட்டதையே எதிராளி சொன்னார். வஞ்சகம் நுழையும் வாசல் நம்முடைய ஆசைதான். வியாதி தீர வேண்டும், வேலை கிடைக்க வேண்டும், நம் மதம் ஜெயிக்க வேண்டும்... எல்லாம் அதே வாசல்!

'ஊழியக்காரரைக் கேள்வி கேட்டால் சாபம் வரும்' என்று பயமுறுத்துகிறார்களே, அது எந்த வேதத்தில் இருக்கிறது? பெரோயா பட்டணத்தார் அப்போஸ்தலன் பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒத்துப் பார்த்தார்கள். அதற்காக அவர்களுக்குப் பாராட்டுதான் கிடைத்தது (அப்போஸ்தலர் 17). அசல் பவுலுக்கே பரிசோதனை உண்டு என்றால், போலி 'பாலு'க்கு ஏன் விலக்கு?

காணாமல் நம்புவதே மேல் என்று தோமாவிடம் சொல்லப்பட்டதே என்பார்கள் சிலர். உண்மைதான். அது உயிர்த்தெழுந்த இயேசுவைப் பற்றிய வார்த்தை, காணிக்கை ரசீதைப் பற்றியது அல்ல! அந்த இயேசுவும் காயத்தைப் பார்க்கக் கேட்ட தோமாவைத் துரத்தவில்லை, கையைக் காட்டினார்.

ஆகவே நண்பர்களே, மூன்றே கேள்விகள் போதும். அசல் எங்கே? பணம் எங்கே போகிறது? கேள்வி கேட்டால் இவருக்குக் கோபம் வருகிறதா? மூன்றாவதற்குப் பதில் 'ஆமாம்' என்றால், முதல் இரண்டைக் கேட்காமல் பர்ஸைத் திறக்காதீர்கள். விசுவாசம் கண்ணை மூடச் சொல்லவில்லை. மூடச் சொல்கிறவருக்குத்தான் அதில் லாபம்.